இடுப்புக்கு ஒரு நாற்காலி, கொல்லைக்கு ஒரு சாண் கட்டை

வா நைனா, வா. அவசரப்படாதே, திண்ணையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உட்காரு. இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு உங்க அம்மா சொன்னா. பெங்களூர்ல இருந்து வேன்ல ஒரு நாற்காலி வந்து இறங்கினதையும் பார்த்தேன். தலைக்கு ஒரு தாங்கல், கைக்கு ரெண்டு தாங்கல், நடுமுதுகுக்குன்னு தனியா ஒரு மேடு, சீட்டுக்கு அடியில ஏகப்பட்ட லீவர். கம்பெனியே காசு குடுத்துச்சாமே? உன் முதுகெலும்பு மேல அவனுக்கு அவ்வளவு கரிசனம். நல்லா இருக்கட்டும்.

நீ மலைக்குப் போயிருந்தப்போ நானும் அதுல உட்கார்ந்து பார்த்தேன். கோவிச்சுக்காதே. என்னா சுகம், என்னா சுகம்! எந்திரிக்கவே மனசு வரல. சாய்ஞ்சபடியே ஜன்னல் வழியா பார்த்தா உன் வேர்க்கடலைக் கொல்லை தெரியுது. கொல்லை நிறைய முதுகு. ஒரு முகம்கூடத் தெரியல. உன் கம்பெனிக்கு உன் முதுகு தெரியுது, உனக்கு இவங்க முதுகு தெரியுது. எல்லாருக்கும் யாரோ ஒருத்தர் முதுகு தெரியுதுன்னு நினைச்சுக்கிட்டு, லீவரை அமுக்கி இன்னும் கொஞ்சம் சாய்ஞ்சேன்.

நீ புதுசா விவசாயத்துல இறங்கியிருக்கே. யூடியூப் பார்த்து விதை வாங்கினே, சொட்டுநீர் போட்டே. ஆனா ஆளுங்களுக்கு நல்லா இடுப்பு வலி வர வைக்கிறது எப்படின்னு எந்த வீடியோவுலயும் சொல்ல மாட்டான். அது இந்த நகரி, புத்தூர் சீமையில பாட்டன் முப்பாட்டன் காலத்து வித்தை. கிழவன் சொல்றேன், கேட்டுக்க.

முதல்ல களைக்கொத்தி. அதோட பிடி ஒரு சாணுக்கு மேல போயிடக் கூடாது. இதோ மூலையில கிடக்குது பாரு, எடு. நாலு விரக்கடை அகலத்துல இரும்பு, வேப்பங்கட்டையில பிடி. உள்ளங்கை பட்டுப் பட்டு எப்படி வழவழன்னு ஆயிடுச்சு பாத்தியா? ஆணி கழண்ட இடத்துல பழைய புடவைக் கிழிசலைச் சுத்தி இருக்காங்க. இதைக் கையில பிடிச்சா நின்னுக்கிட்டு வேலை செய்ய முடியாது. குந்தணும். முழங்கால் ரெண்டும் மாருக்கு வரணும். வலது கையால கொத்தணும், இடது கையால பிடுங்கணும், எந்திரிக்காமலே பாதத்தை நகர்த்தி நகர்த்தி முன்னால போகணும். வரிசை முடியறப்போ முழங்கால்ல கை ஊன்றி எந்திரிப்பாங்க. அப்பவும் உடனே நிமிர மாட்டாங்க. பாதி நிமிர்ந்து, அப்படியே கொஞ்ச நேரம் நின்னு, ‘அம்மாடி’ன்னு ஒரு குரல் விட்டுத்தான் மிச்சத்தை நிமிர்த்துவாங்க. நீ அதை ஓய்வுன்னு கணக்கு வெச்சுக்கிட்டு மேஸ்திரியைப் பார்ப்பே. மேஸ்திரி உடனே சத்தம் போடுவான்.

அதுதான் ரெண்டாவது வித்தை: நிமிர்ந்தவ சோம்பேறி. இதை நாமதான் கண்டுபிடிச்சோம்னு பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன். உன் தங்கச்சி, திருப்பதி அக்ரி காலேஜ்ல படிக்கிறாளே, அவ வந்து என் பெருமையைக் கெடுத்துட்டா. அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுலயே இது இருந்திருக்குதாம். உன் பெரிய முதலாளி இருக்கிற அதே சீமைதான். அங்க லெட்டூஸ்னு ஒரு கீரை, அப்புறம் சர்க்கரை பீட். அந்தக் கொல்லைங்கள்ல மெக்சிகோக்காரங்க குட்டைப் பிடி மண்வெட்டியோட நாள் முழுக்கக் குனிஞ்சு கிடப்பாங்களாம். சீசர் சாவேஸ்னு விவசாயக் கூலிக்காரங்களுக்காகச் சங்கம் கட்டினாரே ஒருத்தர், அவரும் அந்த மண்வெட்டி பிடிச்சவர்தான். ‘நீட்டுப் பிடி போட்டா பயிர் வெட்டுப்படும், விளைச்சல் போயிடும்’னு முதலாளிங்க சொன்னாங்களாம். அது வெளியில சொன்ன காரணம். உள்ளுக்குள்ள ஒண்ணு இருந்துச்சு. பிடி குட்டையா இருந்தா எவன் நிமிர்ந்தாலும் மேஸ்திரிக்கு வண்டியில உட்கார்ந்தபடியே தெரிஞ்சுடும்.

டாக்டருங்க வந்து இது முதுகெலும்பைத் தின்னுடும்னு சாட்சி சொன்னாங்க. வக்கீலுங்க விடாம வழக்கு நடத்தினாங்க. 1975ல அந்த ராஜ்ஜியத்து சுப்ரீம் கோர்ட் அதிகாரிங்களை ‘திரும்ப யோசி’ன்னு சொல்லி, அதே வருஷம் தடையும் வந்துச்சு. இனிமே பிடி நாலு அடிக்குக் குறையக் கூடாதுன்னு. அம்பது வருஷம் ஆச்சு நைனா. கீரை விளையாமப் போயிடுச்சா? நீ ஆபீஸ்ல டப்பாவுல வெச்சுத் தின்னுட்டு உடம்பு இளைச்சுடுச்சுன்னு போட்டோ போட்டியே, அந்தக் கீரைதான்.

அட, இடுப்புன்னதும் நீ திருமலைக்குப் போய் வந்தது ஞாபகம் வந்துச்சு. அலிபிரியில இருந்து 3,550 படி ஏறினதா சொன்னியே. முழங்கால் முறிச்சான் தாண்டினியா? மலையே ஆதிசேஷன், அதுல எப்படிக் காலை வெக்கிறதுன்னு ராமானுஜர் முழங்காலாலயே ஏறினார்னு பெரியவங்க சொல்லுவாங்க. இன்னைக்கும் அந்த இடத்துல கொஞ்சம் படியாவது முழங்கால் போட்டு ஏறுறவங்க உண்டு. நீ ஏறிட்டு வந்து ஒரு வாரம் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடந்தே. உங்க அம்மா வெந்நீர் ஒத்தடம் குடுத்தா, தைலம் தேய்ச்சா, வர்றவங்க போறவங்க எல்லாம் புண்ணியம்னு சொல்லி உன் காலைத் தொட்டுட்டுப் போனாங்க. உன் கொல்லையில காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அதே முழங்கால்தான் மடங்குது. ஜெனீவாவுல ஐ.எல்.ஓ.ன்னு உலகத் தொழிலாளர் அமைப்பு ஒண்ணு இருக்குதாமே, ரொம்ப நேரம் முழங்கால் போட்டு வேலை செய்றதால வர்ற மூட்டு வீக்கத்தை அவங்க 2010ல தொழில்நோய்ப் பட்டியல்லயே எழுதி வெச்சுட்டாங்க. திருமலையில அது பக்தி, ஜெனீவாவுல அது தொழில்நோய், நம்ம கொல்லையில மட்டும் ‘அவளுக்கு வயசாயிடுச்சு’. அவளுக்கு முப்பத்தஞ்சு வயசுகூட இருக்காது.

மூணாவது, மருந்து. இதுல நம்ம ஊரு ரொம்ப முன்னேறிடுச்சு. அந்தப் பொம்பளைங்க இடுப்புல சொருகி இருக்கிற சுருக்குப் பையைத் திறந்து பாரு. வெத்தலை, பாக்கு, சில்லறை, அதோட ஒரு மாத்திரை அட்டை. பாதி அட்டை காலியா இருக்கும். மத்தியானம் சாப்பிட்டதும் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அதுக்கும் கேக்கலேன்னா ஊர்ல வைத்தியம் பார்க்கிற ஆர்.எம்.பி. கிட்ட ஒரு ஊசி. ஊசி போட்டா ஒரு மணி நேரத்துல வலி போயிடும், மறுநாள் வேலைக்கு ஆள் கரெக்டா வந்துடும். உனக்கு வேறென்னா வேணும்? சும்மா சொல்லக் கூடாது, உன் நாலு ஏக்கருக்கு யூரியாவைவிட அதிகமா உதவுறது அந்த ஊசிதான்.

அந்த ஊசி மருந்துக்கு ஒரு கதை இருக்குது. டைக்ளோஃபெனாக்னு பேரு. முந்தி மாட்டுக்கும் அதையேதான் போட்டுக்கிட்டு இருந்தாங்க. மாடு செத்துச்சு, பிணந்தின்னிக் கழுகு வந்து தின்னுச்சு, கழுகு கிட்னி போய்ச் செத்துச்சு. சின்ன வயசுல நான் பார்த்த கழுகுக் கூட்டம் எல்லாம் எங்கடா போச்சுன்னு தேடிக்கிட்டு இருந்தேன். நாடு முழுக்க நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல போயிடுச்சாம். 2006ல சர்க்கார் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை பண்ணிடுச்சு. நல்ல காரியம். அப்புறம் மனுஷ ஊசியைத் திருட்டுத்தனமா மாட்டுக்குப் போடறாங்கன்னு தெரிஞ்சு, 2015ல பெரிய பாட்டிலையும் நிறுத்தி 3 மில்லிக்குக் கட்டுப்படுத்தினாங்க. அதுவும் கழுகுக்காகத்தான். மனுஷனுக்கு மருந்துதானே, டாக்டர் சொன்னபடி சாப்பிட்டா ஒண்ணும் இல்லை. ஆனா வெயில்ல தண்ணி குடிக்காம, வெளிக்கி ஒதுங்க மறைவு இல்லேன்னு வேணும்னே தண்ணியைக் குறைச்சுக்கிட்டு, வருஷக்கணக்கா அட்டை அட்டையா முழுங்கினா, கழுகுக்கு இருந்த கிட்னிதானே இவளுக்கும் இருக்குது? கழுகுக்குக் குரல் குடுக்க பம்பாய்ல சங்கம் இருக்குது. இவளுக்கு யாரு இருக்கா? நீ இருக்கே.

நாலாவது வித்தை கொஞ்சம் நுணுக்கமானது. முறியற அளவுக்கு விட்டுடாதே. வலிக்க மட்டும் விடு. முறிஞ்சா கதையே வேற. நம்ம புத்தூர் ராச்சபாளையம் தெரியும்ல? மெட்ராஸ்ல சந்துக்குச் சந்து ‘புத்தூர் கட்டு’ன்னு போர்டு வெச்சிருக்கானே, அதுக்கெல்லாம் மூலம் நம்ம ஊர்தான். 1881ல கேசவ ராஜுன்னு ஒருத்தர் வேட்டைக்குப் போய், முயலை ஏதோ தழையில சுத்திக் கட்டிக்கிட்டு வந்தாராம், பிரிச்சுப் பார்த்தா அறுபட்டது ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம். கதை அப்படி. முயல் கதையை நம்புறதும் நம்பாததும் உன் இஷ்டம். தழையை அரைச்சு அப்பி, முட்டை வெள்ளைக் கருவுல துணியை நனைச்சுச் சுத்தி, மூங்கில் பத்தை வெச்சு அவங்க இறுக்கிக் கட்டறதை வாசல்ல நின்னு பார்த்திருக்கேன். ஆளு கத்தறதையும் கேட்டிருக்கேன். இந்தக் காலத்துல எக்ஸ்ரே படத்தைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் வர்றாங்க. கட்டு போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தா மகாராஜாதான். பாக்க வர்றவங்க ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கிட்டு வருவாங்க. ஒரு மாசம் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க. மாமியார்கூட ‘கையை அசைக்காதே’ன்னு சொல்லுவா.

வலிக்கு இதெல்லாம் கிடையாது. கட்டு இல்லை, எக்ஸ்ரேவுல தெரியறது இல்லை, ஆரஞ்சு இல்லை. வெளியில தெரியாத நோவுக்கு யாரு லீவு குடுப்பா? உலகத்துல ஆளை முடக்கிப் போடற நோவுங்கள்ல இடுப்பு வலிதான் முதல் இடமாம். 2020ல மட்டும் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இருந்துச்சாம், 2050ல 84 கோடியைத் தாண்டுமாம். உன் தங்கச்சி படிச்சுக் காட்டினா. அதுல நீயும் ஒருத்தன்னு நினைச்சா எனக்குப் பெருமையா இருக்குது. உன் நோவுக்கு நாற்காலி வந்துச்சு. மிச்சம் அறுபத்தோரு கோடிச் சொச்சத்துக்கும் வேன் அனுப்புவான், காத்திரு.

ஆம்பளைங்களை விட்டுட்டேன்னு நினைக்காதே. அவங்களுக்கு மூட்டை இருக்குது. ஒரு ஆம்பளை 55 கிலோவுக்கு மேல தூக்குற மாதிரி இருந்தா அதைச் சீக்கிரமா குறைச்சுடுங்கன்னு அதே ஜெனீவாக்காரங்க 1967லயே எழுதி வெச்சாங்க. நம்ம நெல்லு மூட்டை 75 கிலோ. அது இன்னும் அந்தக் காயிதத்தைப் படிக்கல. காளஹஸ்திப் பக்கம் ஹமாலிங்க லாரிக்குப் பலகை போட்டு ஏத்தறதைப் பாரு, கழுத்துப் பிடரியில ஒரு காய்ப்பு இருக்கும், மாட்டுக்கு நுகத்தடி பட்ட இடம் மாதிரி. யூரியா மூட்டையை மட்டும் 2018ல 50ல இருந்து 45 கிலோவா குறைச்சாங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டேன், நம்ம முதுகு மேல சர்க்காருக்கு இரக்கம் வந்துடுச்சுன்னு. அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, ஜனங்க மூட்டைக் கணக்குல யூரியா போடறாங்க, மூட்டையைச் சின்னது பண்ணினா மண்ணுக்கு யூரியா குறையும்னு யோசிச்சுப் பண்ணினதாம். மண்ணு மேல வந்த இரக்கம். போகட்டும், அஞ்சு கிலோ அஞ்சு கிலோதான்.

மாங்காயும் அப்படித்தான். கிளிமூக்கு சீசன்ல தொரட்டியை மேல தூக்கிக்கிட்டு, கழுத்தை அண்ணாந்தபடி நாள் பூரா நிப்பாங்க. காய் வலையில விழுந்ததும் கம்போட நுனி கனக்கும், தோள்பட்டையை இழுக்கும். 2025ல விலை விழுந்து தாமலசெருவு மண்டியில காயைக் கேக்க ஆள் இல்லாமப் போச்சே, அப்போ சர்க்கார் கிலோவுக்கு 4 ரூபாய் குடுத்துக் கைதூக்கி விட்டுச்சு. தோட்டக்காரனுக்கு. கை தூக்கித் தூக்கி மரத்துப் போனவனுக்கு எந்த லிஸ்ட்லயும் பேர் இல்லை.

பால் கறக்கிறதைச் சொன்னா பெரிய கதை. ரெண்டே வார்த்தை: விடியக்காலம் குந்தி உட்கார்ந்து ஜெர்சி மாட்டைக் கறந்து கறந்து கட்டைவிரல் மடங்காமப் போறது பொம்பளைக்கு, கறவை மிஷின் வாங்கின அன்னைக்கு ‘பால் கறக்கிறது என்னா பெரிய வேலையா’ன்னு ஸ்விட்ச் போடறது ஆம்பளை. பால் பணமும் அன்னையில இருந்து அவன் அக்கவுண்ட்டுக்குத்தான்.

சரி, சிரிச்சது போதும். என்னா பண்றதுன்னு கேக்கறே. சக்கரக் களைவெட்டின்னு ஒண்ணு இருக்குது. போபால்ல விவசாயக் கருவி ஆராய்ச்சிக்கூடத்துல ரெட்டைச் சக்கரம் வெச்சுப் பண்ணியிருக்காங்க. நின்னுக்கிட்டே தள்ளலாம், இழுக்கலாம். பிடியோட உயரத்தை ஆளுக்குத் தக்கபடி ஏத்தி இறக்கலாம். உன் நாற்காலிக்கு இருக்கிற மாதிரி இதுக்கும் ஒரு லீவர்னு வெச்சுக்க. விலை உன் கால் ஷூ விலைக்குள்ள அடங்கிடும்.

ஆனா ஒண்ணு. அதை வாங்கிக் கொல்லையில போட்டுட்டு போட்டோ எடுத்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதே. வரிசை நேரா இருக்கணும். வரிசைக்கு வரிசை ஒரு அடி விடணும். நீ இந்த வருஷம் விதை போட்ட லட்சணத்துக்கு அதுல சக்கரம் ஓட்டினா பாதிச் செடி போயிடும். அதனால அடுத்த பட்டத்துக்கு விதைக் கருவி வெச்சு நேரா போடு. அப்பவும் வரிசைக்குள்ள செடியை ஒட்டி முளைக்கிற களையைக் கையாலதான் எடுக்கணும், குந்தித்தான் ஆகணும். விதைச்சு ஒண்ணரை மாசத்துக்கு மேல எதையும் ஓட்டக் கூடாது, விழுது மண்ணுக்குள்ள இறங்கியிருக்கும், கிளறினா காய் பிடிக்காது. ஆக சக்கரத்தால குந்தற நேரம் குறையும், ஒரேயடியா ஒழியாது. குறையறதே பெரிசு. நாள் பூரா குந்தறதுக்கும், கொஞ்சம் குந்தி கொஞ்சம் நிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் உன் டாக்டரே உனக்குச் சொல்லியிருப்பாரே. அரை மணிக்கு ஒருதரம் எந்திரிச்சு நடன்னு உன் கடிகாரம்கூட ‘டிங்’குன்னு அடிக்குது. அந்த மேஸ்திரிக்கு ஒண்ணு வாங்கிக் குடேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேற இருக்குது. நீ சக்கரத்தை எடுத்துக்கிட்டுப் போனா அந்தப் பொம்பளைங்களே வேணாம்பாங்க. ‘பழக்கம் இல்லை’ம்பாங்க, ‘தோள் வலிக்குது’ம்பாங்க. தோள் வலிக்கிறதும் நிஜம்தான், ஈர மண்ணுல தள்ளினா யாருக்கும் வலிக்கும். ஆனா மனசுல இருக்கிறது அது இல்லை. ஒரு வாரத்து வேலை மூணு நாள்ல முடிஞ்சா மிச்ச நாளுக்கு யார் கூலி குடுப்பா? உனக்கு இடுப்பு நோவு குறைஞ்சா சம்பளம் குறையறது இல்லை. அவங்களுக்குக் குறையும். அந்தக் கணக்கை விரல்ல போட்டுப் பார்த்துட்டுத்தான் அவ குட்டைப் பிடியை விட மாட்டேங்கிறா. அவளை விவரம் இல்லாதவன்னு நீ சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

அதனால கூலியை முதல்ல பேசு. ஏக்கருக்கு இவ்வளவுன்னு மொத்தமா பேசி விடாதே, அப்புறம் ஓட்டம்தான், தண்ணி குடிக்கக்கூட நிக்க மாட்டாங்க. முடிக்கிற நாள் குறைஞ்சாலும் கைக்கு வர்ற காசு குறையாதுன்னு வாயால சொல்லாதே, முன்பணமா குடு. நிழலுக்கு ஒரு கீத்துக்கொட்டாய் போடு, பக்கத்துல ஒதுங்கறதுக்கு ஒரு மறைப்பு கட்டு. அந்த மறைப்பு இருந்தா தண்ணி குடிப்பாங்க, தண்ணி குடிச்சா மாத்திரை குறையும். மூட்டையைப் பாதிப் பாதியா கட்டு, கோணி கொஞ்சம் கூடச் செலவாகும், அழாதே. ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலின்னு வெச்சிருக்கியே, அதைப் பத்தி இன்னைக்கு நான் ஒண்ணும் கேக்கல, உனக்கு இடுப்பு சரியாகட்டும்.

சாயங்காலம் கூலி குடுக்கிறப்போ மேஸ்திரியை அனுப்பாம நீயே போ. அவங்கள்ல மூத்தவ ஒருத்தி இருக்கா, வெத்தலைக்கறை வாய், தெலுங்கும் தமிழும் கலந்து திட்டுவா. அவ கையில சக்கரக் களைவெட்டியைக் குடுத்து ஒரு வரிசை ஓட்டிப் பாருன்னு சொல்லு. ஓட்டிட்டு உன்னைத் திட்டுவா. உயரம் பத்தலேம்பா, கனக்குதும்பா, உங்க அப்பனையும் இழுப்பா. ஒண்ணு விடாம எழுதிக்கிட்டு வா.

களைக்கொத்திக்கு நீட்டுப் பிடி போட ஆசாரி வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன். நிக்கிறவளோட நெஞ்சு உயரத்துக்கு ஒரு அளவு, குட்டையா இருக்கிறவங்களுக்கு இன்னொரு அளவு, மொத்தம் பதினாலு. நேத்தே வேலை ஆரம்பிச்சுட்டான். என்னா முழிக்கறே? உன் பேரைச் சொல்லித்தான் ஆர்டர் குடுத்தேன். அட்வான்ஸுக்கு நாளைக்குக் காலையில வருவான், வீட்டுலயே இரு.